பரணில் இருந்து இறங்கிய ரயில்

காலாண்டு விடுமுறையில் பரண் ஒழித்தபோது ஓர் அட்டைப்பெட்டி எங்கள் கையில் அகப்பட்டது. உள்ளே ஒரு ரயில் எஞ்சின், இரண்டு பெட்டிகள், மூன்று கம்பிகள் ஓடும் தகரத் தண்டவாளம். கப்பலில் வேலை பார்த்த பூட்டனார் 1955இல் லிவர்பூலில் இருந்து தாத்தாவுக்கு வாங்கி வந்ததாம். ஹார்ன்பி டப்ளோ என்று பெயர். அம்மா சிறுமியாக இருந்தவரை கிறிஸ்துமஸ்தோறும் குடிலைச் சுற்றி ஓடியதாம். பிறகு முப்பது வருடத்துக்கு மேல் பரண்வாசம்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு அதை ஓட்டிக் காட்டுகிறோம் என்று நாங்கள் இருவரும் தாத்தாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டோம். அவருக்குக் கை நடுக்கம். தாமே திருகாணி பிடிக்க இயலாது. "பழைய மின்பெட்டியைச் சுவரில் செருகாதீங்க பிள்ளைகளா, வயர் உளுத்திருக்கும். மோட்டாரைத் துடைங்க, ஆனா சுழலியை மட்டும் வெளியே எடுக்காதீங்க" என்றார்.

முதல் எச்சரிக்கைக்குக் கீழ்ப்படிந்தோம். அண்டை வீட்டு அண்ணனிடம் 12 வோல்ட் எலிமினேட்டர் இரவல் வாங்கினோம். எஞ்சின் உறுமியது, நகரவில்லை. அச்சுகளில் எப்போதோ விட்ட தேங்காயெண்ணெய் கோந்தாக இறுகியிருந்தது. (ஆச்சியின் கைங்கரியம். ஆச்சிக்கு எல்லா நோய்க்கும் தேங்காயெண்ணெய்தான்!) பஞ்சில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒவ்வொரு சொட்டு விட்டோம். தண்டவாளத்தை ரப்பரால் தேய்த்ததில் ரப்பர் கரியானது. மின்சாரம் சுழலிக்குப் போகும் செம்புத் துண்டுகளின் மேல் கரித்தூள் அப்பியிருந்தது. துண்டுகளுக்கு இடையிலும் அந்தத் தூள் அடைந்தால் மின்சாரம் குறுக்கு வழியில் ஓடிவிடும். அந்த இடுக்கு எங்களுக்கு எட்டவில்லை. ஆகவே தாத்தா பகல் தூக்கத்தில் இருந்த நேரம் பார்த்துச் சுழலியை உருவி எடுத்துவிட்டோம்.

தீக்குச்சியைச் சீவிச் சுத்தம் செய்து, கார்பன் துண்டுகளை அழுத்தும் சுருள்வில்லில் ஒன்றை அரிசிச் சாக்கின் அடியில் தேடிப் பிடித்து, எல்லாம் மாட்டினோம். கையில் தூக்கிப் பிடித்தால் சக்கரங்கள் விர்ரென்று சுற்றின! வெற்றி என்று குதித்தோம். தண்டவாளத்தில் வைத்து இரண்டு பெட்டிகளையும் கோத்ததும் நின்றுவிட்டது. தொட்டால் சுட்டது. மூன்று நாள் திரும்பத் திரும்பத் துடைத்தும் பலனில்லை. தாத்தாவிடம் "இன்னும் சுத்தம் செய்கிறோம்" என்றே சொல்லிவந்தோம். அது பாதிப் பொய்.

விடை பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. இயற்பியல் ஆய்வகத்தில் குதிரைலாடக் காந்தங்களை எடுத்து வைக்கும்போது, முனைகளின் குறுக்கே தேனிரும்புத் துண்டை வைக்கச் சொன்னார்கள் சிஸ்டர். வைக்காவிட்டால் காந்தம் வலுவிழக்குமாம். எங்கள் எஞ்சினில் அந்த இரும்புத் துண்டின் வேலையைச் செய்துவந்தது சுழலிதான்! அதைப் பிடுங்கி ஒரு பகல் முழுவதும் மேசைமேல் போட்டிருந்தோம். காந்தம் வலுவிழந்தால் மோட்டார் வெறுமனே வேகமாகச் சுற்றும், பாரம் இழுக்காது, சூடேறும். எல்லாம் பொருந்திவந்தது. அன்று மாலை வீட்டுக்கு நடந்த தூரம் வழக்கத்தைவிட நீளமாக இருந்தது.

தாத்தாவிடம் சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நானும் பன்னிரண்டு வயசில் இதையேதான் செய்தேன். எங்கப்பா பெல்ட்டைக் கழற்றினார்" என்றார். காரணத்தை முதலிலேயே சொல்லியிருந்தால் எடுத்திருக்கமாட்டோமே தாத்தா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

அவரே வழியும் சொன்னார். பழைய மோட்டார் சைக்கிள்களின் காந்தத்துக்கு வலுவேற்றித் தரும் பட்டறை ஒன்று பஜாருக்குப் பின்னால் இருக்கிறது. சுழலியை உள்ளே மாட்டியபடியே கொடுக்க வேண்டும்; கழற்றிக் கொடுத்தால் திரும்ப மாட்டுவதற்குள் பழைய கதைதான். பட்டறைக்காரர் பெரிய கம்பிச்சுருள்களின் நடுவே வைத்துக் கண நேரம் மின்சாரம் பாய்ச்சினார், டொக் என்றது. உண்டியலில் இருந்த இருநூறு ரூபாயும் போயிற்று.

டிசம்பர் 24 இரவு, குடிலைச் சுற்றித் தண்டவாளம் போட்டோம். எஞ்சின் இரண்டு பெட்டிகளோடும் பளிச்சென்று புறப்பட்டது, பின்பக்கமாக! பட்டறையில் காந்தத்தின் வடக்கும் தெற்கும் இடம் மாறியிருக்க வேண்டும். ஆச்சி முதல் எல்லாரும் சிரித்தார்கள். நாங்கள் வயர்களை மாற்றிச் செருகக் குனிந்தோம்.

"இருக்கட்டும் பிள்ளைகளா, இன்னும் ரெண்டு சுற்று இப்படியே போகட்டும்" என்றார் தாத்தா.