0ஆம் இலக்க ஜேர்சி

2019 ஜூலையில ஒருநாள். ஓக்லஹோமா சிட்டி தண்டர் போல் ஜோர்ஜை ட்ரேட் பண்ணிட்டாங்கள் எண்டு மச்சான் மெசேஜ் போட்டான். எனக்குச் சரியான கோபம். அந்த சீசனில் எம்.வி.பி. வாக்கெடுப்பில் மூன்றாவதாக வந்த மனுசன் அவர். ஒரு கிழமைக்குள்ள ரசல் வெஸ்ட்புரூக்கும் ஹூஸ்டனுக்குப் போனார். பதினொரு சீசன் அந்த அணிக்காகவே ஓடினவர். என்னிடம் இருந்த ஒரேயொரு என்.பி.ஏ. ஜேர்சி அவருடைய 0ஆம் இலக்கம்தான்.

"இனி இந்த டீமைப் பார்க்கமாட்டன்" எண்டு மச்சானுக்குச் சொன்னேன்.

கோபம் ஆறினபிறகுதான் கணக்குப் பார்த்தேன். வெஸ்ட்புரூக்கும் ஜோர்ஜும் சேர்ந்து விளையாடிய இரண்டு வருசமும் பிளே ஓஃப் முதற் சுற்றிலேயே தோல்வி. அப்படியே விட்டிருந்தால் கிண்ணமும் இல்லை, நல்ல ட்ராஃப்ட் தெரிவும் இல்லை. நடுவில் நிற்கிற அணிக்கு ரெண்டும் கிடைக்காது.

போகக் கேட்டது ஜோர்ஜ்தான். ஆனா அவசரம் கிளிப்பர்ஸுக்கு. ஜோர்ஜ் வந்தால்தான் கவாய் லெனர்டும் வருவார் எண்ட நிலை. அதால தண்டர் கேட்ட விலை கிடைத்தது: ஐந்து முதற் சுற்றுத் தெரிவுகள், தெரிவை மாற்றிக்கொள்ளும் உரிமை இரண்டு, டனிலோ கலினாரி, அதோட 21 வயசும் நிறையாத ஷே கில்ஜியஸ் அலெக்சாண்டர்.

பேப்பரில் இது அழகான கணக்கு. பார்க்கிறவனுக்கு அப்படியில்லை. கலினாரி, கிறிஸ் போல் எண்டு அனுபவசாலிகளும் அடுத்த வருசமே போயிட்டினம். 2021 டிசம்பரில் ஒருநாள் விடிய எழும்பி ஃபோனைப் பார்த்தால், மெம்பிஸிடம் 152-79. எழுபத்துமூன்று புள்ளி வித்தியாசம். என்.பி.ஏ. வரலாற்றிலேயே மோசமான தோல்வி. தோற்றால் லொத்தரில் நல்ல தெரிவு கிடைக்க வாய்ப்புக் கூடும் எண்டு எனக்கும் தெரியும். எண்டாலும் தோல்வி தோல்விதான். பிலடெல்பியாவும் இதே மாதிரித்தான் தோற்றுத் தோற்றுக் கட்டினது. 2015-16இல் 10 வெற்றி, 72 தோல்வி. கிண்ணம் இன்னும் வரேல்ல. பொறுமைக்கு உத்தரவாதம் ஒண்டும் இல்லை.

தண்டருக்கு வந்தது. கிளிப்பர்ஸ் குடுத்த தெரிவுகளில் ஒன்று 2022இல் ஜேலன் வில்லியம்ஸ் ஆனது. ஷே எம்.வி.பி. ஆனார்.

ஆனா என்னை யோசிக்க வைத்தது 2024இல் நடந்த ஒரு சின்ன ட்ரேட். 21 வயது ஜொஷ் கிடியைக் குடுத்து, 30 வயது அலெக்ஸ் கரூசோவை வாங்கினார்கள். பதிலுக்கு ஒரு தெரிவுகூடக் கேட்கவில்லை. ஐந்து வருசமாக இளசுகளைச் சேர்த்தவர்கள், இளசைக் குடுத்து அனுபவசாலியை எடுத்தார்கள். அடுத்த வருசம் டென்வருடனான ஏழாவது ஆட்டத்தில், தன்னைவிட எவ்வளவோ உயரமான நிக்கொலா யோகிச்சை மறித்தது அதே கரூசோதான். 2025 ஜூனில் கிண்ணம்.

ட்ரேட் எண்டதும் நாங்கள் கேட்பது, "ரெண்டு பேரில ஆர் திறம்?" எண்டுதான். அவர்கள் கேட்டது, "நாங்கள் எந்த வருசம் வெல்லப்போறம்? அந்த வருசம் இவருக்கு என்ன வயசு?" 2019இல் அதற்கு ஒரு பதில், 2024இல் வேறொரு பதில்.

வெஸ்ட்புரூக்கைக் குடுத்தது சரி எண்டு இப்ப மச்சானிடம் ஒத்துக்கொள்ளுறன். ஜேர்சியை மட்டும் இன்னும் ஆருக்கும் குடுக்கேல்ல.