ஒரு ஜிபி நினைவகத்தில் ஒரு பதிவேடு



போடிநாயக்கனூரில் நாம் ஓதிக்கொடுக்கும் பிள்ளைகள் பலரின் பெற்றோருக்கு ஏலமலையில்தான் பிழைப்பு. விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டைக் கடந்து, பூப்பாறைப் பக்கத்துத் தோட்டங்களுக்குச் சென்று இருட்டிய பின் திரும்புவோர் சிலர். வாரக்கணக்கில் அங்கேயே தங்குவோர் சிலர். பிள்ளை இன்று ஓத வந்ததா, எந்த ஸூரா வரை பாடம் கொடுத்தது என்பதை அவர்கள் கைப்பேசியில் பார்த்துக்கொள்வதற்காக வருகையையும் பாடத்தையும் ஒரு தரவுத்தளத்தில் பதிந்து வருகிறோம். அது வாடகைச் சேவையகம் ஒன்றில் இயங்குகிறது. அதன் நினைவகம் 1 ஜிபி மட்டுமே.

ரமளானில் தராவீஹ் முடிந்ததும் எல்லோரும் ஒரே வேளையில் பார்ப்பார்கள். அவ்வேளையில்தான் தரவுத்தளம் நின்றுபோயிற்று. பெரிய சேவையகத்துக்கு மாறிவிடலாம் என்றனர் நிர்வாகிகள். வாடகையோ தோட்டக் கூலியிலிருந்து வரும் சந்தா, அது அமானிதம். கணக்குப் பார்க்காமல் அதைக் கூட்டுவது சரியன்று என்பது எமது கருத்து.

கணக்கு எளிதாகவே இருந்தது. பக்கங்களை வழங்குவது அப்பாச்சி. ஒரே நேரத்தில் எத்தனை பேருக்குத் தனித்தனிச் செயல்முறை திறக்கலாம் என்பதற்கு டெபியன் லினக்ஸ் அதற்குத் தந்திருக்கும் இயல்பான வரம்பு 150. எமது சேவையகத்தில் ஒவ்வொரு செயல்முறையும் ஏறத்தாழ 50 எம்பி கொள்கிறது. 150 பேரும் வந்துவிட்டால் 7,500 எம்பி வேண்டும், இருப்பதோ 1,024. நினைவகம் தீர்ந்ததும் லினக்ஸின் கெர்னல் ஏதேனும் ஒரு செயல்முறையைக் கொன்று இடம் பிடிக்கிறது. பெரும்பாலும் அதிக இடம் கொண்டதையே அது தேர்ந்தெடுக்கும். அவ்விதம் பலியானது மரியாடிபி என்னும் தரவுத்தளம். கூட்டத்தை உள்ளே விட்டது ஒன்று, தண்டனை பெற்றது வேறொன்று!

பதிவுகள் அழியவில்லை, அல்ஹம்துலில்லாஹ். கடைக்கணக்கில் முதலில் சிட்டாவில் குறித்துப் பிறகு பேரேட்டில் ஏற்றுவதில்லையா? தரவுத்தளமும் உறுதியான மாற்றங்களை முதலில் ஒரு பதிவுக் கோப்பில் எழுதிவிடுகிறது. மீண்டும் எழும்போது அதைப் பார்த்துப் பேரேட்டைச் சரிசெய்துகொள்கிறது.

ஆகவே வரம்பை 150இலிருந்து 8 ஆக்கினோம். எட்டுக்கு 400 எம்பி, தரவுத்தளத்துக்கு 250, இயங்குதளத்துக்கும் பிறவற்றுக்கும் 200. சற்று மீதமும் உண்டு. ஒன்பதாமவர் காத்திருக்க வேண்டும். இதைக் கேட்டதும் சிலர் முகம் சுளித்தனர். ஆனால் எட்டுப் பேருக்கும் கால் நொடியில் பக்கம் கிடைத்துவிடுகிறது; 150 பேர் ஒருசேர வந்தாலும் கடைசியானவர் ஐந்து நொடிக்குள் பெற்றுவிடுவார். நமதூரில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தைக் கண்டவர்களுக்கு இதில் புதுமை இராது. 2021இல் மேகக்கணி முறை வந்தபின் போடியிலிருந்தும் புற்றடியிலிருந்தும் வியாபாரிகள் ஒருசேர விலை கேட்கின்றனர். அப்போதும் ஏலக்காய் லாட் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வருகிறது.

தரவுத்தளம் அண்மையில் தொட்ட பகுதிகளை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் இடத்துக்கு பஃபர் பூல் என்று பெயர். அதன் இயல்பான அளவு 128 எம்பி. அதைக் கூட்டவில்லை. ஹிஃப்ழ் வகுப்பில் புதிய பாடத்தை நாள்தோறும் கேட்கிறோம், பழைய ஜுஸ்வுகளை முறைவைத்துக் கேட்கிறோம். முப்பதையும் ஒரே நாளில் கேட்பதில்லை. பெற்றோர் பார்ப்பதும் இந்த வாரத்துப் பாடத்தைத்தான். ஆயினும் ஒரு மாணவியின் பாடத்தைத் தேட ஆண்டுக்கணக்கான பதிவேடு முழுவதையும் புரட்டினால், வேண்டிய பக்கங்கள் வெளியேறி வேண்டாதவை வந்து அமரும். மாணவர் எண்ணுக்கும் தேதிக்கும் ஓர் இன்டெக்ஸ் அமைத்தபின் அந்தப் புரட்டல் ஒழிந்தது. எமக்கு அதிகப் பலன் தந்தது இதுவே.

ஸஹர், இஃப்தார் நேரப் பட்டியலை ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்திடம் கேட்பது வீண்; அதை ஆயத்தக் கோப்பாகவே வைத்துவிட்டோம். அவசரத்துக்கு வட்டில் 1 ஜிபி ஸ்வாப்பும் ஒதுக்கினோம். அது மிக மெதுவானது, நம்பியிருக்கத் தக்கதன்று.

வாடகை கூடவில்லை. இரவு 2 மணிக்கு, யாரும் பார்க்காத வேளையில், நகல் எடுக்கப்படுகிறது. வரிவரியாகப் படித்து எழுதுவதால் அதற்கும் நினைவகம் அதிகம் தேவைப்படுவதில்லை. வெள்ளிதோறும் அந்நகலைப் பென் டிரைவில் ஏற்றி, பழைய வருகைப் பதிவேடுகள் அடுக்கியிருக்கும் அதே பீரோவில் வைக்கிறோம்.