மரை அறிந்து முடுக்குதல்

மறைமலைநகர் என்னும் ஊர்ப்பெயரைக் கேட்டவுடன் இலக்கிய வாசகர்களின் நினைவில் எழுபவர் தனித்தமிழ் இயக்கத்தின் முன்னோடியான மறைமலை அடிகள். எங்களுக்கோ அடிகளுக்குப் பின்னால் ஒரு காரும் வந்து நிற்கிறது. அவர் பெயர் தாங்கிய ஊரில் செய்யப்பட்ட ஃபோர்டு எக்கோஸ்போர்ட் என்னும் சிறிய எஸ்.யூ.வி. ஒன்று 2016 முதல் எங்கள் வீட்டில் இருக்கிறது. 'நாங்கள்' என்பது ஒரு கணவனும் மனைவியும். ஒருவர் தமிழும் மற்றவர் கணக்கும் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர்கள். கைகளில் சாக்பீஸ் தூளைத் தவிர வேறு அழுக்குப் படிந்து அறியாதவர்கள்.

இந்தியாவில் 2013இல் விற்பனைக்கு வந்த இவ்வண்டியின் நீளம் 3999 மில்லிமீட்டர். நான்கு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் குறைவு. 2006ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கை, நான்கு மீட்டருக்கு மிகாத, சிறிய எஞ்சின் கொண்ட கார்களுக்குக் கலால் வரியைக் குறைத்தது. அதன்பின் எத்தனையோ வண்டிகள் வால் நறுக்கப்பட்டவைபோல் வந்து சேர்ந்தன. எங்கள் வண்டி அந்த அளவுக்குள் அடங்கியும், தரையிலிருந்து 200 மில்லிமீட்டர் உயர்ந்து, உதிரிச் சக்கரத்தை முதுகில் சுமந்து, சற்றே பெரிய மனிதத் தோரணையுடன் நிற்கும். நாங்கள் இதை வாங்கியது தோரணைக்காக அன்று. எண்பதைக் கடந்த அம்மாவுக்கு முழங்கால் மடங்காது. தாழ்ந்த காரில் அமர்வது அவருக்குக் கிணற்றில் இறங்குவது போல. இதிலோ இருக்கை இடுப்புயரத்தில் இருக்கிறது.

2021 செப்டம்பரில் ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஏறத்தாழ 4,000 பணியாளர்கள் பாதிக்கப்படுவர் என்பதும் அந்த அறிவிப்பிலேயே இருந்தது. 2022இல் மறைமலைநகர் ஆலையில் கார் உற்பத்தி நின்றது. "கம்பெனியே போயிடுச்சு, இனி எதுக்கு மாப்பிள்ளை, வந்த விலைக்குத் தள்ளிவிடுங்க" என்றார் மாமா. வந்த விலையோ, நாங்கள் எண்ணியிருந்ததில் பாதி. அதனுடன் ஓய்வூதியத்தைச் சேர்த்தாலும், அம்மா ஏறக்கூடிய இன்னொரு வண்டி வராது. மாதம் இருமுறை செங்கல்பட்டு மருத்துவமனைக்கு அவரை அழைத்துச் செல்வதும் நிற்காது. எனவே இருப்பதை ஓடவைப்பது என்று முடிவாயிற்று.

எங்களுக்கு ஆசானாக வாய்த்தவர், அந்த ஆலைக்கு உதிரிபாகம் செய்துகொடுத்த ஒரு பட்டறையில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஆலை நின்றதும் பட்டறையும் நின்றது. இப்போது சிங்கப்பெருமாள் கோவில் அருகே தகரக் கொட்டகையொன்றில் தனியே தொழில் செய்கிறார். ஏர் ஃபில்டரை மாற்றித் தரும்படி முதல்முறை போனபோது, "இதுக்கெல்லாம் என்கிட்ட காசு குடுக்காதீங்கண்ணே. அக்காவே மாட்டிடுவாங்க, பாருங்க" என்று திருப்புளியைக் கையில் கொடுத்துவிட்டார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. பழைய வடிகட்டியைத் தட்டியபோது ஜி.எஸ்.டி. சாலையே உதிர்ந்ததுபோல் இருந்தது.

அவர் கற்பித்த முதற்பாடம் மரையைப்பற்றியது. நட்டு, போல்ட்டு, ஸ்பேனர் என்று ஆங்கிலமே புழங்கும் கொட்டகையில், திருகின் சுருளோட்டத்துக்கு மட்டும் 'மரை' என்ற தமிழ்ச்சொல் அசையாமல் நிற்கிறது. எடுத்த எடுப்பில் ஸ்பேனரைப் போடக்கூடாது என்பார். முதல் மூன்று சுற்றும் விரலால்தான். மரை சரியாகக் கவ்வியிருந்தால் திருகு வழுக்கிக்கொண்டு போகும். கோணலாக இருந்தால் விரல் உடனே உணரும், ஸ்பேனர் உணராது. அதன் நீண்ட கை நம் பலத்தைப் பெருக்கிக்கொடுக்கும், ஆனால் எதிர்ப்புறத்து முனகலை நமக்குச் சொல்லாது. சக்கர நட்டுகளை நட்சத்திரம் வரைவதுபோல் எதிரெதிராக முடுக்க வேண்டும் என்பதையும், ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலையைக் கொடுக்கக்கூடாது என்பதையும் அவரிடம்தான் கற்றோம்.

பிறகு வண்டியை வாசிக்கத் தொடங்கினோம். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் வார்த்தது என்று பொருள். தேய்மானம் குறைவாகத் தெரிந்தாலும் ரப்பருக்கு வயது ஆகிவிடும். பேட்டரி முனையில் வெண்பூச்சு பூத்தால், முதலில் கழற்ற வேண்டியது எதிர்மின் முனை, கடைசியில் மாட்ட வேண்டியதும் அதுவே. வரிசை மாறி, நேர்மின் முனையில் இருக்கும் ஸ்பேனர் உடற்தகட்டைத் தொட்டால் மின்சுற்று குறுகித் தீப்பொறி பறக்கும்.

நாங்கள் தொடாதவையும் உண்டு. காற்றுப்பை, பிரேக், டைமிங் பெல்ட் மூன்றும் கொட்டகைக்கே போகும். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 வகைத் திரவம் புதிதாக இருக்கையில் 230 டிகிரி செல்சியஸ் வரையேனும் கொதிக்கக்கூடாது. ஈரம் ஏறிய பின் அந்த வரம்பு 155ஆக இறங்கிவிடுகிறது. மலையிறக்கத்தில் பிரேக் சூடேறும்போது திரவம் ஆவியானால், மிதித்த கால் வெறுமையை மிதிக்கும். இத்தகைய இடத்தில் கற்றுக்குட்டிக் கைகளுக்கு வேலையில்லை; இரண்டாண்டு ஆயிற்று என்று நினைவூட்டுவதே எங்கள் பங்கு.

இனி மேம்பாடுகள். வண்டிக்கு நகை பூட்டும் ஆசை எங்களையும் விடவில்லை. முன்புறம் இரும்புக் கம்பித் தடுப்பு போடலாம் என்று மகன் சொன்னான். மோதலின்போது வண்டியின் முகப்பு நசுங்கி அதிர்ச்சியை வாங்க வேண்டும், உணரிகள் அதை அறிந்து காற்றுப்பையை விரிக்க வேண்டும். இரும்புத் தடுப்பு இரண்டையும் கெடுக்கும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே இதற்கெதிராக நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களுக்கு எழுதியது. தயாரிப்பாளர் தந்த அடிப்படை விவரங்களிலிருந்து வண்டியை மாற்றலாகாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஹாலோஜன் பல்புக்கென வடித்த கிண்ணத்தில் எல்.இ.டி. பல்பைச் செருகினால் ஒளி சிதறி எதிரே வருபவரின் கண்ணைப் பறிக்கும். எனவே அதையும் விட்டோம். மாறாக, வெயிலில் மஞ்சளாகிப்போன விளக்குக் கண்ணாடியை, தண்ணீர் தொட்டு 1000, 2000, 3000 என்று படிப்படியாக நுண்மை கூடும் உப்புத்தாள்களால் தேய்த்து, மெருகிட்டு, புற ஊதாக்கதிர் தடுக்கும் பூச்சும் பூசினோம். அரைநாள் வேலை. பழைய பல்பே அன்றிரவு புதிய சாலையைக் காட்டியது.

உண்மையான மேம்பாடு என்று நாங்கள் கருதுவது ஒன்றே. பழைய கதவின் தேக்குத் துண்டுகளை வெட்டி, 15 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு மணை செய்து, அடியில் சைக்கிள் டியூபை ஒட்டினோம். அம்மா அதில் ஏறி நின்று, மேலுள்ள கைப்பிடியைப் பற்றி, யார் தயவுமின்றித் தாமே அமர்ந்துகொள்கிறார். முன்பெல்லாம் அவரை இருவராகத் தூக்கி ஏற்றுவோம். அப்போது முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொள்வார். இப்போது, "கதவைச் சாத்துங்க, நாழியாகுது" என்று எங்களை அதட்டுகிறார்.

அந்த ஆலையில் எஞ்சின்கள் செய்ய 2025 அக்டோபரில் தமிழக அரசுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தாகியிருக்கிறது. அதனால் எங்கள் வண்டிக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆயினும் செய்தித்தாளை மடித்து எடுத்துச் சென்று கொட்டகையில் காட்டினோம். "வேலைக்குக் கூப்பிட்டா போவீங்களா தம்பி?" என்று கேட்டதற்கு, கையிலிருந்த நட்டை விரலால் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, "கூப்பிடட்டும், அப்புறம் பாப்போம் அக்கா" என்றார். அந்த 'அப்புறம்' எத்தனை ஆண்டு என்று நாங்களும் கேட்கவில்லை.

ஐப்பசி மழைக்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று நிலுவையில் உள்ளது. முன்கண்ணாடியின் அடியிலும் கதவுகளின் கீழ்விளிம்பிலும் மழைநீர் வடியச் சிறு துளைகள் உண்டு. எங்கள் தெருவின் வேப்பஞ்சருகு அவற்றை அடைத்துவிட்டால், நீர் தேங்கி உள்ளே புகும். அதற்கு வேண்டியது ஒரு பழைய பல்துலக்கியும் ஒரு ஈர்க்குச்சியும்தான்.