கட்டைப்பை

எழும்பூர் ஓவியக் கல்லூரியில் மாணவர்கள் பதினாறு பேருக்குக் கதைப்படம் போடச் சொல்லித்தர என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கிய பள்ளி அது. அந்தச் செங்கல் கட்டடங்களுக்குள் நுழைந்தாலே எனக்குக் குரல் தானாகத் தணிந்துவிடும்.

பேரன் வருவதாகச் சொன்ன ரயிலுக்காக விடிய விடியக் காத்திருக்கும் கிழவியின் கதை ஒன்றைப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். கறுப்பு மை மட்டும், இரண்டு பத்தி அகலம், கிழவியின் முகம் தெரியக்கூடாது. நான் போட்ட நிபந்தனைகள் இவ்வளவுதான்.

"சார், ரெஃபரன்ஸ் பாத்துக்கலாமா?" என்றது ஒரு குரல். நான் பதில் சொல்வதற்குள் எல்லாக் கையிலும் செல்போன்.

ஒரு மணி நேரத்தில் படங்கள் வந்தன. கோடுகளில் குறையில்லை. அந்த வயதில் எனக்கு இப்படிக் கை ஓடியதில்லை. ஆனால் பாதிப் படங்களில் கிழவி சக்கரம் வைத்த சூட்கேசோடு நிற்கிறாள். ஒன்றில் நீராவி எஞ்சின் புகை கக்குகிறது. "ரயில்னா புகை இருந்தாதான் சார் ஃபீல் வருது" என்றான் வரைந்தவன். அவன் பிறப்பதற்கு முன்பே வழக்கமான ரயில்களில் அந்தப் புகை அடங்கிவிட்டது.

திட்ட எனக்கு அருகதை இல்லை. முன்பு ஒருமுறை ஒரு வார இதழில் மாலை நான்கு மணிக்குக் கதைச் சுருக்கத்தைப் போனில் சொல்லி ஆறு மணிக்குப் படம் கேட்டார்கள். கணவன் மனைவியை எதிரெதிரே உட்காரவைத்துக் காபி குடிக்கவிட்டேன். அந்தக் கணவன் கதையின் இரண்டாவது பாராவிலேயே செத்துப்போயிருந்தான். அதைச் சொன்னதும் வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும், "வாங்க, ஸ்டேஷனுக்குப் போகலாம்" என்றேன்.

நடக்கிற தூரம்தான். ஆளுக்குப் பத்து ரூபாய் பிளாட்ஃபாரம் டிக்கெட். 1908இல் திறந்த நிலையம். தெற்கே போகிற சனங்கள் அன்று தொட்டு அங்கேதான் காத்துக் கிடக்கிறார்கள். நேரில் பார்த்து வரைவதென்றால் ஓவியர் சில்பிதான் ஞாபகத்துக்கு வருவார். இந்தக் கல்லூரியில் படித்த அவர், ஆனந்த விகடனுக்காகக் கோயில் கோயிலாகப் போய்ச் சிலைகளுக்கு எதிரே உட்கார்ந்து வரைந்தவர். சிலை அசையாது. மனிதர்களோ, நம்மைக் கவனித்த மறுகணமே முந்தானையைச் சரிசெய்து போட்டோவுக்கு நிற்பதுபோல் விறைத்துவிடுவார்கள். அதனால் முதலில் பார், பிறகு திரும்பிக்கொண்டு வரை என்று சொல்லிக்கொடுத்தேன்.

சூட்கேஸ்களும் இருந்தன. ஆனால் வயதானவர்களிடம் கண்ணில் பட்டதெல்லாம் ஜவுளிக்கடைக் கட்டைப்பை. கைப்பிடி இரண்டையும் சேர்த்துச் சணல்கயிற்றால் கட்டியிருப்பார்கள். உட்கார்ந்தாலும் பிடியிலிருந்து கை எடுப்பதில்லை. தூங்கினாலும் அதன்மேல் ஒரு கால் கிடக்கும்.

மறுநாள் வந்த படங்கள் எல்லாமே தேறிவிட்டன என்று சொல்லமாட்டேன். நாலைந்து பேர் பழைய படத்தில் சூட்கேசை அழித்துவிட்டுப் பையைச் செருகியிருந்தார்கள். சிலர் நிழலுக்கு மெல்லிய கோடுகளை நெருக்கி நெருக்கிப் போட்டிருந்தார்கள். பத்திரிகைக் காகிதத்தில் அச்சில் சிறிதாகும்போது அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கறையாகிவிடும். ஒன்றரை மடங்கு பெரிதாக வரைந்து, கோட்டுக்குக் கோடு வெள்ளை விடச் சொன்னேன்.

முதல் நாள் முழுக்க வாய் திறக்காத ஒரு பெண் கடைசியாகத் தாளை நீட்டினாள். கிழவியே இல்லை. காலி பெஞ்சு, அதன்மேல் கட்டைப்பை, பிடியைப் பற்றிய ஒரு கை மட்டும் ஓரத்திலிருந்து நீண்டிருக்கிறது.

"ஏம்மா, மிச்ச உடம்பு எங்கே?"

"கதையில அந்தம்மா பையை ஒரு தடவைகூடக் கீழே வைக்கலை சார்."

கதையை நான் மூன்று முறை படித்திருந்தேன். அதைக் கவனிக்கவில்லை.

இந்தப் பிள்ளைகள் அடுத்த வருஷம் வேலை தேடி உங்கள் அலுவலகங்களுக்கு வருவார்கள். பத்திரிகை ஆசிரியர்களே, போனில் சுருக்கம் சொல்லாதீர்கள். முழுக் கதையையும் இரண்டு நாள் முன்னதாக அவர்கள் கையில் கொடுங்கள்.