பாவித்த லெப்டொப்: எதற்கு விலை கொடுக்கிறோம்?

உயர்தரத்துக்கு ஐசிடி எடுக்கும் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: "சேர், செகண்ட் ஹேண்ட் லெப்டொப் என்ன விலைக்கு எடுக்கலாம்?" தனித்தனியாகச் சொல்வதை எல்லோருக்குமாக எழுதி விடுகிறேன்.

2022 தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தாண்டியது. அதோடு புதிய லெப்டொப் சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டாத பொருளாகி விட்டது. பாவித்ததைத் தேடிப் போவதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் விலை தெரியாமல் போகக் கூடாது.

எனது மாணவன் ஒருவன் அண்மையில் ஒரு லெப்டொப்போடு வந்தான். "ஐ7 சேர்" என்றான். முகமெல்லாம் சந்தோஷம். வாப்பா ஓட்டோ ஓட்டுகிறார். உம்மாவின் காப்பை அடகு வைத்து 75,000 ரூபாவுக்கு வாங்கியிருக்கிறார்கள். திறந்து பார்த்தேன். 3ஆம் தலைமுறை. 2012இல் வெளிவந்த ரகம். பழைய ஹார்ட் டிஸ்க், அரை மணித்தியாலம் கூடத் தாங்காத பெட்டரி.

விற்ற தம்பியும் எங்களிடம் படித்தவர்தான். போன் எடுத்துக் கேட்டேன். "நான் பொய் சொல்லல்லயே சேர், அது ஐ7 தானே?" என்றார்.

உண்மைதான், அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த விலை பொருளைப் பார்த்துப் போட்ட விலையல்ல, வாங்க வந்தவரின் அறியாமையைப் பார்த்துப் போட்ட விலை. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட சம்பவத்தை நாம் எத்தனை ஜும்ஆவில் கேட்டிருப்போம்! அன்று ஈரம் அடியில் இருந்தது. இன்று அது ஐ7 ஸ்டிக்கருக்குப் பின்னால் இருக்கிறது.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை இவைதான்.

ஐ5, ஐ7 என்பதை மட்டும் பார்க்காதீர்கள். அதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 8250 என்றால் முதல் இலக்கம் 8, அதாவது 8ஆம் தலைமுறை. 10, 11, 12 என்று தொடங்கினால் முதல் இரண்டு இலக்கங்களையும் சேர்த்து எடுங்கள். 2017இல் வந்த 8ஆம் தலைமுறை ஐ5, அந்தப் பழைய ஐ7ஐ எளிதில் முந்தி விடும்.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு வின்டோஸ் 10க்கான வழமையான இலவச ஆதரவு முடிந்து விட்டது. வின்டோஸ் 11க்குப் பொதுவாக 8ஆம் தலைமுறையாவது வேண்டும். அதற்குக் கீழே உள்ளதில் சுற்றுவழியால் போட்டுத் தருவார்கள், ஆனால் அப்டேட் வரும் என்று மைக்ரோசொப்ட் உறுதி தருவதில்லை. ஆகவே பழையது எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் விலை இறங்கத்தான் வேண்டும்.

சார்ஜரைக் கழற்றி விட்டுக் கடையிலேயே இருபது நிமிடம் ஓட விடுங்கள். பெட்டரியும் எஸ்எஸ்டியும் மாற்ற வேண்டுமென்றால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

கடைக்காரர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. மொத்தமாக எடுத்து வருவதில் சில வேலையே செய்யாது. திருத்தக் கூலி, கடை வாடகை, வாரண்டி எல்லாம் விலைக்குள் வர வேண்டும். இலாபம் வைப்பது தவறல்ல. அதுபோல பழைய மெஷின் எல்லாம் குப்பையுமல்ல. எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் ஏற்றினால் உயர்தரப் பாடத்திட்டத்தில் உள்ள பைதனுக்கும் எச்டிஎம்எல்லுக்கும் தாராளமாகப் போதும். ஆனால் அது பழையதற்குரிய விலையில் கிடைக்க வேண்டும்.

அந்தத் தம்பி பிறகு காசு வாங்காமல் எஸ்எஸ்டி ஒன்று போட்டுக் கொடுத்தார். அதற்கு நன்றி. ஆனால் சேர் போன் எடுக்காத பிள்ளைக்கு யார் போட்டுக் கொடுப்பது?

ஊரில் கடை வைத்திருக்கும் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். விலைச் சீட்டில் தலைமுறை, ரெம், டிஸ்க் வகை, பெட்டரி தாங்கும் நேரம் நான்கையும் எழுதி ஒட்டுங்கள். ஒரு துண்டுக் கடதாசிதான் செலவு. அதை வாசித்து விட்டு வாங்குபவர் நாளை தன் அயல்வீட்டாரையும் உங்களிடமே அனுப்புவார்.