முற்றத்து மணச்செடிகள்

நம் கல்லூரியின் விழா மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, மலருக்கு மலரைப் பற்றியே எழுதலாமென்று துணிந்தேன். என்னோடு கற்றோரில் அறிஞரும் மருத்துவரும் நிர்வாகிகளும் பலர் உளர். அவர்கள் பெரிய பொருள்களைப் பற்றி எழுதுவார்கள். வாழ்நாளிற் பெரும்பகுதியைப் புறக்கோட்டையிற் கணக்கெழுதிக் கழித்து, எஞ்சிய பொழுதைச் செடிகளுக்குக் கொடுத்த எனக்கு, ஆண்டு முழுவதும் இலை குன்றாது நின்று மணமலர் தரும் சில செடிகளைப் பற்றியே சொல்ல உரிமையுண்டு.

புறக்கோட்டைக்கும் பூஞ்செடிக்கும் என்ன தொடர்பென்று இன்றைய மாணவர் வினவக்கூடும். மூட்டை சுமப்போர் வழி கேட்டுக் கூவும் நான்காம் குறுக்குத் தெருவிலே செடி நிற்பதற்கு இடமேது? ஆயினும் ஒல்லாந்தர் காலத்தில் அது குடியிருப்பு நிலமாகவே இருந்தது. பிரின்ஸ் வீதியிலே 17ஆம் நூற்றாண்டில் எழுந்த மாளிகையொன்று பின்னாளில் ஒல்லாந்தர் கால நூதனசாலையாயிற்று. வீதியிலிருந்து நோக்குவோருக்குத் தூண்களும் சுவருமே தெரியும். உள்ளே சென்றால் வானம் பார்த்த முற்றமும் பசுமையும் தோன்றும். கொட்டாஞ்சேனையில் நாங்கள் வாடகைக்கிருந்த வீடும் சிறிய அளவில் அவ்வாறு அமைந்ததே. தெருவை ஒட்டிய வாயில். பின்னே பத்தடி அகலத்தில் ஒரு முற்றம். அதன் மூலையிலே தண்ணீர்த் தொட்டி. அம்முற்றமே என் அன்னையாரின் நந்தவனம்.

யாழ்தேவிப் புகைவண்டி ஓடத் தொடங்கிய 1956ஆம் ஆண்டில், அன்னையார் தம் பிறந்தகத்து வளவிலிருந்து மல்லிகைக் கொப்புகளையும் நந்தியாவட்டைக் கொப்புகளையும் ஈரச் சாக்கிற் சுற்றி மடியில் வைத்துக் கொழும்புக்குக் கொணர்ந்தாராம். தந்தையார் இதைப் பலமுறை நகைத்துக் கூறியதுண்டு. ஆனால் விடிந்ததும் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்குப் புறப்படுகையில், அம்முற்றத்துப் பூவைத்தான் அவரும் கேட்பார்.

கொழும்பின் காலநிலை இத்தகைய செடிகளுக்கு மிக இசைந்தது. சித்திரை, வைகாசியில் ஒரு மழையும், ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மழையும் பெருகிப் பெய்கின்றன. நீண்ட வறட்சி இன்மையால் செடி தன் இலைகளை ஒருங்கே உதிர்க்க வேண்டிய தேவையில்லை. பசுமை மாறாத செடியென்றால் இலையே உதிராத செடியென்று பொருளன்று. பழைய இலை ஒவ்வொன்றாக விழ, புதிய இலை ஒவ்வொன்றாக எழுகின்றது. நம் கண்ணுக்கு வெறுமை தோன்றுவதில்லை என்பதே உண்மை.

இவற்றுள் முதலிற் சொல்லத்தக்கது நந்தியாவட்டை. வெயிலையும் அரைநிழலையும் ஒப்ப ஏற்று, ஏறக்குறைய எல்லா மாதங்களிலும் பூக்கும். அடுக்கு நந்தியாவட்டையின் மணத்தைப் பகலில் அறிவது அரிது. இரவிலேதான் அது வெளிப்படும். இதன் இலையைப் பருத்த பச்சைப் புழுவொன்று தின்னும். முதுகின் முற்பகுதியில் கண்போன்ற இரு புள்ளிகளையுடைய அப்புழுவைக் கண்டு சிறுவர் அஞ்சுவர். அதுவே வளர்ந்து அழகிய பெரிய அந்துப்பூச்சியாகி, இருட்டியபின் வெண்மலர்களை நாடித் தேன் பருகும். மாலையில் மலரும் பூக்கள் பெரும்பாலும் வெண்ணிறமும் மிகு மணமும் உடையனவாயிருப்பது இத்தகைய இரவு விருந்தினரை அழைத்தற்பொருட்டே. ஆதலின் சில இலைகள் போனாலும் போகட்டுமென்று புழுவை விட்டுவிடுவது எங்கள் வீட்டு வழக்கம்.

மல்லிகை அத்துணை எளியதன்று. அது வெயிலை விரும்பும். யாழ்ப்பாணத்து வெயிலில் அரும்பு கொட்டுவது, கொழும்பு மழையில் இலையாகவே தழைத்துவிடும். புதிய தளிர்க்கொப்பின் நுனியிலேயே அரும்பு தோன்றுமாதலால், மார்கழி இறுதியிற் கத்தரித்து எருவிட்டால், தை, மாசி வெயிலில் தளிர்த்து அரும்பெடுக்கும். கத்தரிக்க மனமில்லாதவர் மல்லிகையில் இலையையே காண்பர். அரும்பை மாலையில் விரியுமுன் கொய்தல் வேண்டும். சீன நாட்டார் பகலிற் கொய்த அரும்புகளை இரவில் தேயிலையோடு கலந்து வைத்து, விரியும்போது எழும் மணத்தைத் தேயிலை உறிஞ்சுமாறு செய்வர். இதே மல்லிகையைப் பிலிப்பைன்சு நாட்டார் 1934ஆம் ஆண்டில் தம் தேசிய மலராக ஏற்றனர்.

கார்டினியாவை ஆங்கிலப் பெயராலேயே பலரும் அழைக்கின்றோம். தோட்டத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லால் வந்த பெயரென்று எண்ணுவோருண்டு. உண்மையில் அமெரிக்காவிலே வாழ்ந்த அலெக்சாண்டர் கார்டன் என்னும் மருத்துவர் நினைவாக 18ஆம் நூற்றாண்டில் இடப்பட்ட பெயர் அது. பளபளக்கும் கரும்பச்சை இலையும், வெண்ணெய் போன்ற அடுக்கிதழும் உடையது. புளிப்புத் தன்மையுள்ள மண்ணையே விரும்புமாதலின், சுண்ணக்கல் நிலமாகிய யாழ்ப்பாணத்தில் வாடும். கொழும்பின் செம்மண்ணிற் செழிக்கும். கொழும்பிலுங்கூடப் பழைய சுண்ணாம்புச் சுவரை அடுத்து நட்டால், நரம்பு பச்சையாகவும் இடையிலுள்ள பகுதி மஞ்சளாகவும் இலை வெளிறும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலிருந்து இரும்புச்சத்தைச் செடியால் எடுத்துக்கொள்ள முடியாமையே காரணம். சுவரைவிட்டு விலக்கி, மக்கிய இலையெரு நிறைந்த சாடியில் வைத்தால் நலமுறும். நீர் ஒருநாள் மிகுந்தும் ஒருநாள் குறைந்தும் போனால் மொட்டு உதிரும்.

எட்டேரியா என்று சிங்களவர் வழங்கும் செடியும் நம் கவனத்திற்குரியது. அது எலுமிச்சைக் குடும்பத்தது, கறிவேப்பிலைக்கு உறவு. மழைக்குப் பின் ஒரே நாளிற் செடி முழுதும் வெள்ளையாகப் பூத்துத் தெருவையே மணக்கச் செய்து, சில நாளில் ஓய்ந்துவிடும். நெருங்க நட்டுக் கத்தரித்தால் நல்ல வேலியாகும். கடற்காற்று உப்பை வாரி வீசும் வெள்ளவத்தைக் கரையோரத்திற்கு அலரி ஏற்றது. ஆனால் அதன் ஒவ்வோர் உறுப்பும் நஞ்சாதலால், குழந்தைகள் உள்ள வீட்டில் அதைத் தவிர்த்தலே அறிவுடைமை.

இனி, நான் சொல்ல விரும்பிய முதன்மையான செய்திக்கு வருகின்றேன். எட்டேரியா சிறு செங்கனி ஈன்று விதையால் முளைக்கும். ஆனால் நாம் வளர்க்கும் மல்லிகையில் விதை காண்பது மிக அரிது. அடுக்கு நந்தியாவட்டையும் அடுக்குக் கார்டினியாவும் அத்தகையனவே. காற்றோ பறவையோ இவற்றைப் பரப்புவதில்லை. ஒருவர் ஒடித்துக் கொடுக்க மற்றொருவர் நட்டு வளர்த்தாலன்றி இவற்றுக்கு வழித்தோன்றல் இல்லை. மதுரை மல்லிகைத் தோட்டங்களுக்கு நாற்றுகள் இராமேசுவரத்தை அடுத்த தங்கச்சிமடத்திலிருந்து செல்கின்றன. அவையும் வேர்விட்ட கொப்புகளே. ஆதலின், ஒரு முற்றத்தில் மல்லிகை நிற்கின்றதென்றால், இடையறாத ஒரு கொடைவரிசையின் கடைசிக் கண்ணி அங்கே நிற்கின்றது என்பதே பொருள்.

அன்னையாருக்குத் தாவரவியல் தெரியாது. ஆனால் இவ்வுண்மை தெரிந்திருந்தது. கேட்டவர்க்கும் கேளாதவர்க்கும் கொப்பு கொடுப்பார். எதிர்வீட்டுச் சிங்கள அம்மையார் போயா நாளில் விகாரைக்குக் கொண்டுசெல்லும் தட்டிலும், பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பத்தார் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குக் கொண்டுசெல்லும் பூவிலும் எங்கள் செடியின் வழிவந்தவை இருந்தன. "இப்படிக் கொடுத்தால் நமக்கென்ன மிஞ்சும், அம்மா?" என்று சிறுவனாகிய நான் கேட்டதற்கு, "நம்முடையது பட்டுப்போனால் அவையள் தருவினம், தம்பி" என்றார்.

1971ஆம் ஆண்டில் நாங்கள் வெள்ளவத்தைக்குக் குடிபெயர்ந்தபோது கொப்புகளும் எங்களுடன் வந்தன. 1983ஆம் ஆண்டு யூலை 25ஆந் திகதி, அவ்வீடு எரிக்கப்பட்டது. அந்நாட்களைப் பற்றி எழுதப்பட்டவை பல. நான் புதிதாகச் சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை. அகதி முகாமாக மாறியதொரு பாடசாலையிற் சில நாட்கள் தங்கியபின், பெற்றோர் கப்பலேறிக் காங்கேசன்துறைக்குச் சென்றனர். பின்னர் நான் வேலையின்பொருட்டுக் கொழும்புக்கு மீண்டு வந்து பார்த்தபோது, வளவு துப்புரவாக்கப்பட்டு வெறுநிலமாய்க் கிடந்தது. நந்தியாவட்டை நின்ற இடத்தைச் சுவரின் கரிப்படிவை அடையாளமாகக் கொண்டே அறிய முடிந்தது.

1985ஆம் ஆண்டு ஒருநாள், புறக்கோட்டையில் வேலை முடிந்தபின் கொட்டாஞ்சேனைப் பழைய ஒழுங்கைக்குச் சென்றேன். எதிர்வீட்டு அம்மையார் மூப்பெய்தியிருந்தார். என்னை அடையாளங்கண்டதும் அவரால் நெடுநேரம் பேச முடியவில்லை, எனக்கும் அவ்வாறே. பின்னர் எழுந்து சென்று, கத்தி கொணர்ந்து, மல்லிகையிலும் நந்தியாவட்டையிலும் கொப்புகளை வெட்டித் தாளிற் சுற்றித் தந்தார். எரிந்தவை அனைத்துக்கும் அது ஈடாகாது. ஈடென்று அவரும் எண்ணவில்லை, நானும் எண்ணவில்லை. எனினும் அன்னையார் கொடுத்து வைத்தது பழுதின்றி இருந்தது. அதனைக் கடிதத்தில் எழுதியபோது, "நல்ல நிழலில் வை" என்ற ஒரு வரியே விடையாக வந்தது.

1990ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கான புகைவண்டிப் போக்குவரத்து நின்றது. 2014ஆம் ஆண்டு ஒற்றோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் சென்றது. அவ்வாண்டிறுதியில் நானும் அதிலே சென்றேன். இடப்பெயர்வுகளாற் பாழடைந்து கிடந்த அன்னையாரின் பிறந்தகத்துக் கிணற்றடியில், கொழும்பிலிருந்து கொண்டுசென்ற கொப்புகளை நட்டேன். அன்னையார் அப்போது உயிருடன் இல்லை. மல்லிகை அங்கே கொழும்பில் பூத்ததைவிட நன்றாகப் பூக்கின்றதென்று உறவினர் கூறுகின்றனர்.

இன்று வெள்ளவத்தையில் முற்றமுள்ள வீடுகள் அருகி, மாடிக்குடியிருப்புகள் எழுந்துவிட்டன. நிலமில்லையே என்று நண்பர் பலர் வருந்துகின்றனர். காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் விழும் மாடமும், அடியில் துளையுள்ள பெரிய சாடியும் போதும். செம்மண், மணல், மக்கிய எரு ஆகியவற்றைச் சமபங்காகக் கலந்து, சிறிது தும்புத்தூள் சேர்க்க வேண்டும். கடலை நோக்கிய மாடமாயின், உப்புக்காற்று நேரே படாதவாறு சுவர் மறைவில் வைத்தல் நன்று. பென்சிற் பருமனுள்ள, மிக இளசுமன்றி மிக முற்றியதுமன்றியுள்ள கொப்பை ஆறங்குல நீளத்தில் வெட்டி, கீழிலைகளை நீக்கி, மழைக்காலத் தொடக்கத்தில் நிழலில் ஊன்றினால், ஐந்தாறு கிழமையில் வேர் பிடிக்கும். இடையிற் பிடுங்கிப் பார்த்தல் ஆகாது.

ஒல்லாந்தக் கம்பனியின் மருத்துவராகிய போல் ஹேர்மன், 1670ஆம் ஆண்டுகளிற் கொழும்பைச் சூழ்ந்த செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டினார். அத்தொகுப்பைக் கொண்டு, இலங்கைக்கு ஒருநாளும் வாராத லின்னேயசு 1747ஆம் ஆண்டில் இலங்கைத் தாவரங்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அவ்வுலர்ந்த இலைகள் இன்றும் இலண்டனில் உள்ளன. அறிவுக்கு அது பெருந்தொண்டு. ஆனால் செடி உயிரோடிருப்பது, பக்கத்து வீட்டாரின் முற்றத்திலே கொடுத்து வைப்பதனாலேயாம்.

நம் கல்லூரியும் அத்தகைய கொடையால் வளர்ந்ததே. ஓர் ஆசிரியர் தந்ததை மாணவர் எங்கெங்கோ கொண்டுசென்று ஊன்றியுள்ளனர். சிலர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும், சிலர் பிறந்த ஊரிலேயே. விழாவுக்கு வரும் பழைய மாணவரை ஒன்று வேண்டுகின்றேன். உங்கள் வீட்டில் மணச்செடி இருந்தால், ஒரு கொப்பை ஈரத்தாளிற் சுற்றி எடுத்து வாருங்கள். இல்லாதவர் என்னிடம் கேளுங்கள். விழாவன்று என் பையில் பன்னிரண்டு இருக்கும். கல்லூரி நீடு வாழ்க.