ஜீரோன்னா பாஸ் இல்ல பாஸ்!

"லினக்ஸுக்கு வைரஸே வராது மச்சி!"

காலேஜ்ல சேர்ந்த நாள்ல இருந்து நான் அடிச்சுட்டு இருந்த டயலாக் இது. ஒரு ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு வந்து வாயை அடைக்கிற வரைக்கும்!

எங்க லேப் மூலையில ஒரு பழைய கம்ப்யூட்டர். சீனியர்ங்க உபுண்டு போட்டுக் கொடுத்துட்டுப் போனது. ரத்த தானக் குழுவோட லிஸ்ட் அதுலதான் இருக்கு. 300 பேருக்கு மேல... பேர், பிளட் குரூப், செல் நம்பர், ஹாஸ்டல் ரூம் நம்பர்னு சகலமும். நடுராத்திரியில ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்தாலும் தேடணுமே, அதனால எப்பவும் நெட்லயே இருக்கும். அதுக்கு வாட்ச்மேன் அடியேன்.

பேர் கொடுக்க வந்த அந்தப் பொண்ணு, நம்பரை டைப் பண்றதுக்கு முன்னாடி கேட்டா: "அண்ணா, இதுக்கு செக்யூரிட்டி அப்டேட் ஒழுங்கா வருதா?"

விடுவோமா? 'சூடோ ஆப்ட் அப்டேட்'னு தட்டினேன். எல்லா பேக்கேஜும் அப்டுடேட்னு பதில் வந்துச்சு. லாகின் ஸ்கிரீன்லயும் 'உடனே போட வேண்டிய அப்டேட்: 0'. "பாத்தியா?"ன்னு காலரைத் தூக்கிவிட்டேன்.

"அந்த 0-க்குக் கீழ என்னண்ணா எழுதியிருக்கு?"

தினமும் பாக்குற ஸ்கிரீன்தான். ஆனா, அந்த வரியை ஒருநாளும் படிச்சதில்ல. இன்னும் நிறைய செக்யூரிட்டி அப்டேட் இருக்கு, வேணும்னா இ.எஸ்.எம்.மை ஆன் பண்ணுன்னு இருந்துச்சு. வெர்ஷன் என்னன்னு பாத்தா... 18.04! ஏப்ரல் 2018-ல வந்தது. வழக்கமான சப்போர்ட் 5 வருஷம்தான். 2023 மே மாசத்தோட முடிஞ்சு போச்சு.

தெருவுக்கு போஸ்ட்மேன் வர்றதே நின்னு போச்சு. நான் என்னடான்னா, 'இன்னிக்கும் லெட்டர் இல்ல'ன்னு நிம்மதியா தூங்கிட்டு இருந்திருக்கேன்!

'இத்தனை வருஷம் ஒண்ணும் ஆகலையே'ன்னு வாதாடிப் பாத்தேன். அதுக்கும் பதில் வெச்சிருந்தா. 'பிகே எக்ஸெக்'னு ஒரு குட்டி புரோகிராம். அதுல 2009-ல விழுந்த ஓட்டை, 2022 ஜனவரியிலதான் வெளிய தெரிஞ்சது. சாதா யூஸரா உள்ள நுழைஞ்சவன்கூட அது வழியா ரூட் ஆகிடலாம். சப்போர்ட் இருந்த சிஸ்டத்துக்கெல்லாம் அடைப்பு வந்துச்சு. 2023-க்கு அப்புறம் அப்படி ஒண்ணு கண்டுபிடிச்சா, எங்க கம்ப்யூட்டருக்கு யாரு கொண்டுவந்து தருவாங்க?

அன்னிக்கே நெட் கேபிளைப் பிடுங்கினோம். லாக் ஃபைலையெல்லாம் அலசினோம். யாரும் புகுந்த மாதிரி தெரியல. ஆனா, தெரியலைங்கறதும் நடக்கலைங்கறதும் ஒண்ணு இல்லையே! லிஸ்ட்ல இருந்த எல்லாருக்கும் விஷயத்தைச் சொல்லி மெசேஜ் அனுப்பினேன். திட்டு விழுந்துச்சு. வாங்கிக்கிட்டேன். டேட்டாவை பேக்கப் எடுத்துட்டு 24.04-ஐப் புதுசா போட்டோம். 2029 வரைக்கும் கவலை இல்ல.

உங்க லேப்டாப்லயும் உபுண்டுவா? 3 விஷயம் பாருங்க பாஸ். ஒண்ணு, உங்க வெர்ஷனுக்கு சப்போர்ட் எப்போ முடியுதுன்னு. 'ப்ரோ செக்யூரிட்டி-ஸ்டேட்டஸ்'னு கமாண்ட் கொடுத்தா எத்தனை பேக்கேஜுக்கு அப்டேட் வருதுன்னு புட்டுப்புட்டு வைக்கும். பழைய வெர்ஷனை விட மனசில்லையா? சொந்த உபயோகத்துக்கு 5 மெஷின் வரைக்கும் உபுண்டு ப்ரோ இலவசம். ரெண்டு, 'அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்' லாக்ல கடைசித் தேதி என்னன்னு. மூணு, ரீஸ்டார்ட் பண்ணீங்களான்னு. மாசக்கணக்கா ஆஃப் பண்ணாம ஓட்டுறதைப் பெருமையா சொல்லிட்டுத் திரிஞ்சவன் நான். கெர்னல் அப்டேட்டைப் போட்டாலும், ரீஸ்டார்ட் பண்ற வரைக்கும் ஓடுறது பழைய கெர்னல்தான்!

எல்லாம் முடிஞ்ச பிறகுதான் அந்தப் பொண்ணு தன் நம்பரை டைப் பண்ணா. பிளட் குரூப்... ஓ நெகட்டிவ்!